அம்மன் தலையில் நின்றுவிட்ட பூ

அன்று காலை எங்கள் வீட்டு வாசலில் நின்றால் எதிரே சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருக்கும் மிளகுக்கொடி தெரியவில்லை. அவ்வளவு மூடுபனி. அதற்கு முன் விடாத மழை. உள்ளே என் மகள் திவ்யா வலியில் கத்திக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவள். நாள் இன்னும் இருக்கிறது என்று எல்லாரும் மெத்தனமாக இருந்துவிட்டோம். விடியும்போதே பனிக்குடம் உடைந்துவிட்டது.

பார்க்க வந்த நர்சம்மா வயிற்றில் கை வைத்துத் தடவிப் பார்த்தார். முகம் மாறி வெளியே வந்தார்.

"ஏனுங்க சார், குழந்தை குறுக்கால கெடக்குதுங்க. இங்க வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஆபரேசன்தான். சேலத்துக்குக் கொண்டு போயிருங்க. நேரம் தாழ்த்தாதீங்க."

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். பெரிய மலைப்பாதையில் மண் சரிந்து ரோடே அடைபட்டுவிட்டது, வண்டி அடிவாரத்தில் நிற்கிறது என்றார்கள். மிச்சம் இருந்தது குப்பனூர் வழி ஒன்றுதான். அதிலும் கல் உருண்டு கிடக்கிறது என்று ஒருவர் சொன்னார். நேற்று சாயங்காலம் ஒரு வண்டி ஏறி வந்ததே என்று இன்னொருவர் சொன்னார். பக்கத்து வீட்டு முருகேசன் யாரும் கேட்காமலே தன் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான்.

"போலாமா, மழை உடட்டும்னு பாக்கலாமா? நீங்க சொல்லுங்ணா. நீங்க சொன்னா எடுத்துர்றேன்."

வாசலில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்னைப் பார்த்தார்கள் என்றால், நான் பட்டாளத்தில் சுபேதார், லீவில் வந்திருந்தேன். பெயர் லட்சுமணன். ஊர், ஏற்காடு மலையில் தலைச்சோலை. பட்டாளம் தெரியாத பக்தர்களுக்குச் சொல்கிறேன்: சுபேதார் என்றால் ஆபீசருக்கும் ஜவான்களுக்கும் நடுவில் நிற்கிற ஆள். வடக்கே பனிமலையில் என் கையில் நாற்பது பேர் இருக்கிறார்கள். மேலிருந்து வருகிற உத்தரவை நடத்திக் கொடுப்பதும், போனவர்களை உயிரோடு திரும்பக் கூட்டி வருவதும் என் வேலை. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் எழுந்து நடப்பார்கள். ஏன், எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.

அப்படிப்பட்டவன் அன்று வாசலில் நின்றவர்களிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "இருங்க, கோயிலுக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்று சொன்னேன்.

கோயிலுக்குப் போவது நல்லதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் போனது கும்பிடுவதற்கு அல்ல. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சொல்லும்போது எனக்குத் தலை குனிகிறது. இருந்தாலும் சொல்லாமல் விட்டால் அம்மன் செய்த உதவிக்கு நான் பொய்ச்சாட்சி ஆகிவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் பூக்கேட்பது என்று ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்ப்பதற்கு முன், கிணறு வெட்டுவதற்கு முன், பெரிய காரியம் எதற்கும் முன் மாரியம்மன் தலையில் ஈரப் பூவை வைத்துவிட்டுக் கைகட்டி நிற்போம். வலது பக்கம் விழுந்தால் செய். இடது பக்கம் விழுந்தால் செய்யாதே. என் கல்யாணமே அப்படி வலப்பக்கம் விழுந்த ஒரு செம்பருத்தியால் நடந்ததுதான். சரோஜாவிடம் கோபம் வந்தால் அந்தச் செம்பருத்தியைத் திட்டுவேன். அவளும் சளைக்காமல் திட்டுவாள்.

பட்டாளத்துக்குப் போனபோது இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனேன். அங்கே அம்மன் சிலைக்கு எங்கே போவது? ஒரு பழைய பாலிஷ் டப்பாவைக் கழுவி, அதில் இரண்டு பொட்டலம் வைத்துக்கொண்டேன். ஒன்றில் உலர்ந்த நந்தியாவட்டை. இன்னொன்றில் உலர்ந்த செவ்வரளி. ஒவ்வொரு லீவு முடிந்து கிளம்பும்போதும் சரோஜா புதிதாக உலர்த்திக் கொடுப்பாள். பூசைக்கு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ரோந்துக்குக் கிளம்புவதற்கு முன் டப்பாவைக் குலுக்கி, கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுப்பேன். வெள்ளை வந்தால் நெஞ்சு நிமிர்த்தி நடப்பேன். சிவப்பு வந்தால் ரேடியோ பேட்டரி சரியில்லை என்பேன், பனி இளகியிருக்கிறது என்பேன், வேறு வழியில் போகலாம் என்பேன். ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும். காரணம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன்.

தைரியசாலி என்று எனக்குப் பெயர். சட்டென்று முடிவெடுக்கிற ஆள் என்று ஆபீசர் பாராட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முகாமில் எல்லாரும் அணிவகுத்துக் கும்பிடுகிற கோயில் பரேடில் முன்வரிசையில் நின்று முதல் ஆரத்தி எடுத்துக்கொள்கிறவன் நான். அத்தனை பெயரையும் வாங்கிக்கொண்டு, உள்ளுக்குள் நான் ஒரு முடிவும் எடுத்ததில்லை. எடுத்தது பொட்டலம். தப்பு நடந்தால் பழி அம்மன் தலையில், சரியாக நடந்தால் பெயர் என் தலையில். இப்படிப் பட்டவர்த்தனமாக அப்போது எனக்குத் தெரியாது. பக்தி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, கோயிலுக்கு வருகிறேன். பூசாரி கோவிந்தன் எனக்குப் பங்காளி முறை, அண்ணன். மழையில் என்னைப் பார்த்ததும் விஷயம் புரிந்து கதவைத் திறந்து விளக்கேற்றினார். செம்பருத்தி ஒன்றை நனைத்து அம்மன் தலையில் வைத்தார். நான் கைகட்டி நின்றேன். குப்பனூர் வழியில் போகட்டுமா, வேண்டாமா? அவ்வளவுதான் கேள்வி.

பூ விழவில்லை.

"கொஞ்சம் பொறு தம்பி" என்றார் அண்ணன். பொறுத்தேன். ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. விளக்குத் திரியை அவர் தூண்டிவிட்டார். அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பூ ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. வேறு பூ வைக்கச் சொன்னேன். அரளி வைத்தார். அதுவும் அசையவில்லை. தலைகீழாகக் கேட்டால் விழுமோ என்று, "இங்கேயே இருக்கட்டுமா தாயே?" என்று மாற்றிக் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.

அங்கே என் மகள் துடித்துக்கொண்டிருந்தாள். இங்கே நான் ஒரு பூவுக்குக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

சரோஜா குடைகூட இல்லாமல் ஓடி வந்தாள். சேலை முழுக்கச் சேறு.

"ஏனுங்க, என்ன பண்ணீட்டிருக்கறீங்க? ஜீப்பு நிக்குது. புள்ள அப்பா எங்க, அப்பா எங்கங்கறா."

"பூ இன்னும் உழுகலை சரோஜா."

அவள் அம்மனைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

கோவிந்தண்ணன், "பொறுக்கச் சொல்றாம்மா தாயி" என்றார்.

"அம்மா சொல்றது இருக்கட்டுங்க மாமா. இவரு என்ன சொல்றாரு? நான் இவரைத்தான் கேக்கறேன். ஏனுங்க, திவ்யாவோட அப்பா என்ன சொல்றீங்க?"

எனக்கு வாய் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வார்த்தை வரவில்லை. போகலாம் என்று சொல்லி வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அது நான் சொன்னதாக ஆகிவிடும். வேண்டாம் என்று சொல்லி வீட்டில் ஏதாவது ஆனாலும் நான் சொன்னதாக ஆகிவிடும். நாற்பது பேரைப் பனியில் நடக்கவைத்தவன், பெற்ற மகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் பெண்டாட்டி முன்னால் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். மீசையெல்லாம் நனைந்து, கையைக் கட்டியபடியே.

சரோஜா அதற்கு மேல் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திரும்பி மழையில் இறங்கி நடந்தாள். பாதையில் இருந்தபடியே அவள் குரல் கேட்டது.

"முருகேசு, வண்டிய எடு. புள்ளையத் தூக்கிப் பின்னால படுக்க வையுங்க. குப்பனூர் வழியாத்தான் போறம். நர்சம்மா, நீங்களும் ஏறுங்க சாமி."

அதுதான் உத்தரவு. பட்டாளத்தில் இத்தனை வருடம் நான் கேட்ட எந்த உத்தரவையும் விட அது தெளிவாக இருந்தது. நான் அதற்குக் கீழ்ப்படிந்து ஜீப்புக்குப் பின்னால் ஓடினேன். பூ இன்னும் அம்மன் தலையில்தான் இருந்தது.

ஏற்காட்டைத் தாண்டிக் குப்பனூர் ரோட்டில் இறங்கியதும் பனி இன்னும் கெட்டியாகிவிட்டது. ஜீப்பின் விளக்கு பனியில் பட்டுத் திரும்பி எங்கள் கண்ணிலேயே அடித்தது. முருகேசன் ஒரு வளைவில் நிறுத்திவிட்டான்.

"ரோட்டோட ஓரம் எங்க இருக்குதுன்னே தெரியலீங்ணா. ஒரு பக்கம் பள்ளம்."

பின்னால் திவ்யா, "அம்மா, அம்மா" என்று முனகிக்கொண்டிருந்தாள். கத்தக்கூடத் தெம்பில்லை. நர்சம்மா அவள் கையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அந்த அம்மாவும் என்னைத்தான் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினேன்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தேன். இடது காலை ரோட்டின் ஓரத்து மண்ணில் வைத்து வைத்து, அந்த மண் எங்கே இருக்கிறதோ அங்கே ரோடு இருக்கிறது என்று நடந்தேன். முருகேசன் என் முதுகைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தான். கல் கிடந்த இடங்களில் நின்று உருட்டித் தள்ளினேன். சில இடங்களில் கையைக் காட்டி நிறுத்தி, முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வா என்று கைகாட்டினேன். அட்டை ஏறிக் காலெல்லாம் ரத்தம். அதைப் பிடுங்க நேரமில்லை.

அங்கேதான் நான் வாழ்க்கையில் முதல்தடவையாக வேண்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அதற்கு முன் நான் செய்ததெல்லாம் கேள்வி கேட்டது. போகட்டுமா, இருக்கட்டுமா, இதா, அதா. அன்று அந்த ரோட்டில் கேட்க எதுவும் இல்லை. போய்க்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். திரும்ப முடியாது.

"தாயே, எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். என் காலை மட்டும் பிடித்துக்கொள். என் பிள்ளையைக் கரை சேர்த்துவிடு." இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடந்தேன். அழுதுகொண்டே நடந்தேன். மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை. அதற்கும் அம்மனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவு திரும்பியதும் டார்ச் வெளிச்சம் ஒரு மரத்தின் மேல் விழுந்தது. பெரிய சில்வர் ஓக். வேரோடு சாய்ந்து ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. வேர்மண் அப்போதுதான் பெயர்ந்தது போல் ஈரமாகச் சிவந்திருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஜீப் தாண்ட வழியே இல்லை.

முருகேசன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். சரோஜா உள்ளே இருந்து, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றாள். நான் மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பாலிஷ் டப்பா அங்கேதான் இருந்தது. லீவில்கூட அதை விட்டுவிட்டு இருந்ததில்லை.

அப்போது மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, யாருங்க அங்க?"

ஒரு டெம்போ வேன். மேலே ஒரு காதுகுத்துக்கு வாசிக்கப் போகிற மேளக்காரர்கள். மரம் வழிமறித்ததால் ஏற முடியாமல் நின்றுவிட்டார்கள். திரும்பிப் போகலாமா, காத்திருக்கலாமா என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தவிலும் பம்பையும் நனையாமல் இருக்கத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, ஆட்கள் மட்டும் கீழே இறங்கி நனைந்துகொண்டிருந்தார்கள். தோளில் தவிலைத் தூக்கி ஊர் ஊராக நடந்த ஆட்கள். ஒவ்வொருவர் கையும் உலக்கை மாதிரி இருந்தது.

டப்பாவை நான் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. என் வாயிலிருந்து குரல் வந்தது. பட்டாளத்துக் குரல்.

"வண்டியில பிரசவத்துக்குப் பொண்ணு இருக்குது. என் மக. மரத்துக்கு மேல தாண்டித் தூக்கோணும். உங்க வண்டியில கீழ போகோணும். முடியுமாங்க?"

"என்னங்க கேள்வி? நீங்க சொல்லுங்க, நாங்க தூக்கறம்."

வேனில் அவர்கள் உட்கார விரித்திருந்த ஜமக்காளத்தை உருவினார்கள். திவ்யாவை அதில் படுக்க வைத்தோம். நான்கு மூலைக்கும் ஆள் நிறுத்தினேன். மரத்தின் மேல் இரண்டு பேரை ஏற்றினேன், அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள மூன்று பேர். நர்சம்மா தலைப்பக்கம். யார் எப்போது எடுப்பது, யார் எப்போது விடுவது என்று நான் சொன்னேன், அவர்கள் செய்தார்கள். திவ்யா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, பயமா இருக்குதுப்பா."

"அப்பா இருக்கறன் கண்ணு. ஒண்ணும் ஆகாது."

வெட்கம் கெட்டவன், எப்படிச் சொன்னேன் பாருங்கள். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னது நானே இல்லை போலத்தான் இருந்தது. மரத்தைத் தாண்டி அவளை வேனில் ஏற்றினோம். வேன் திருப்ப இடம் இல்லாததால் அகலமான வளைவு வரும்வரை ரிவர்ஸிலேயே போனது. மேளக்காரர்களில் மூன்று பேர் ஓடி ஓடிப் பின்சக்கரத்தைப் பார்த்து வழி சொன்னார்கள். மற்றவர்கள் தவிலையும் பம்பையையும் இறக்கி வைத்துக்கொண்டு அங்கேயே மழையில் நின்றுவிட்டார்கள். அவர்கள் முகம் எனக்கு இப்போது நினைவில்லை. பனியில் சரியாகத் தெரியவும் இல்லை. ஊர் பேர் கேட்கவும் தோன்றவில்லை.

குப்பனூர் வந்தபோது மழை விட்டிருந்தது. சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். வெளியே வந்த டாக்டரம்மா சொன்னார்: "நல்லவேளை கொண்டு வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாவம், பொண்ணு இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டா." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். சந்தோஷப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லாத மாதிரி இருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

ஊர் திரும்பினோம். குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்று கோயிலில் பூசை. கோவிந்தண்ணன் ஊர்க்காரர்கள் முன்னால் கதையைச் சொன்னார். "தம்பி வந்து பூக்கேட்டான். அம்மா உழுக உடலை. ஏன்? சீக்கிரமாப் போயிருந்தா மேளக்கார வண்டி அங்க வந்திருக்காது. வண்டி வந்து நிக்கற வரைக்கும் தாயி இவனைப் புடிச்சு நிறுத்தி வெச்சுட்டா. பட்டாளத்துக்காரன் பக்தின்னா இதுதான் பக்தி!" பெண்கள் குலவை போட்டார்கள். என் கழுத்தில் மாலை விழுந்தது. தலையில் பரிவட்டம் கட்டினார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. மாலையோடு நின்றேன். எனக்குத் தெரியும், அந்த மரத்தின் வேர்மண் அப்போதுதான் பெயர்ந்திருந்தது. சீக்கிரமாகப் போயிருந்தால் மரமே விழுந்திருக்காதோ என்னவோ. ஜீப்பிலேயே நேராக இறங்கியிருப்போமோ என்னவோ. அண்ணன் சொன்னது போலவும் இருக்கலாம். அது அம்மனுக்குத்தான் தெரியும். ஆனால் நான் கோயிலில் நின்றது பக்தியால் இல்லை, பயத்தால் என்பது எனக்குத் தெரியும். என் பயத்தை அவள் திட்டம் என்று சொல்லி மாலை வாங்கிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

சரோஜா பெண்கள் பக்கம் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது, "மாலை உங்களுக்கு நொம்ப எடுப்பா இருந்துச்சுங்க" என்றாள்.

லீவு முடிந்து வடக்கே கிளம்பினேன். இந்தத் தடவையும் பூ உலர்த்தித் தரட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பொட்டலம் எதற்கு என்கிற உண்மையைச் சொன்னேன். அவள் என் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு, "அப்ப நான் ஒலத்தின பூவுதான் இத்தனை நாளா அந்த நாப்பது பேரை நடத்துச்சா? எனக்குச் சம்பளமே தரலையே பட்டாளம்" என்றாள். சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க அவள் கண் சிவந்தேதான் இருந்தது.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறு கோயில் பரேட் முடிந்ததும் ஹவில்தார் செல்வராஜை மட்டும் நிறுத்திவைத்தேன். தர்மபுரிக்காரர். என்னோடு அதிக காலம் நடந்தவர். எனக்குக் கீழே வேலை பார்க்கிற ஆளிடம் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று பட்டாளத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இதை வைத்துத்தான் உங்களை நடத்தினேன், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் டப்பாவைத் திறக்கக்கூட இல்லை.

"தெரியுமுங்க சாப்."

"என்ன தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியுமுங்க. வெள்ளை வந்தா உங்க நடையே வேற. செவப்பு வந்தா பேட்டரி சரியில்லைம்பீங்க. பேட்டரி நல்லாத்தான் இருக்கும்."

எனக்குக் காது சுட்டது. நான் என்னவோ பெரிய ரகசியம் என்று நெஞ்சுப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றிய டப்பா. நாற்பது பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சுமா என் பின்னால வந்தீங்க?"

"நீங்க கூடாரத்துக்குள்ள டப்பாவைக் குலுக்கற சத்தம் வெளிய கேக்கும் சாப். நாங்க அப்படியே நின்னு கும்பிட்டுக்குவோம். சாப் கையில வெள்ளை வரோணும், அவரு தைரியமா நடக்கோணும்னு."

நான் அவர் முன்னால் அழுதேன். சுபேதார் ஹவில்தார் முன்னால் அழக்கூடாது. அழுதேன்.

நான் அம்மனிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும், வெளியே நின்றவர்கள் எனக்காக வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களில் வேறு சாமி கும்பிடுகிறவர்களும் உண்டு. உள்ளே உட்கார்ந்து நான் என் பழியைத் தட்டிவிடப் பார்த்தேன். அவர்கள் வெளியே நின்று என் தைரியத்துக்காக மன்றாடினார்கள். நாங்கள் இத்தனை காலம் திரும்பி வந்தது யார் வேண்டுதலால் என்று இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. குப்பனூர் ரோட்டில் எனக்குக் கால் வந்ததும், வாய் வந்ததும் அப்படித்தான் என்று நம்புகிறேன். அன்றைக்கு ஜீப்பின் பின்னால் வலியோடு கிடந்த என் மகளும் என் மனைவியும் எதை வேண்டிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை.

அதற்குப் பிறகு ரோந்துக்கு முன் நான் வெளியே வந்து அவர்களோடு நின்று கும்பிடுகிறேன். பிறகு முடிவைச் சொல்கிறேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று செல்வராஜிடம் சொல்கிறேன். ஒரு தடவை என் முடிவு தப்பாகி, வழி மாறி, ஒரு பகல் முழுக்கப் பனியில் சுற்றினோம். தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

பூக்கேட்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நம் பெரியவர்கள் கேட்டார்கள், அம்மன் சொன்னாள். அந்த வழக்கத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் நம் கையில் கொடுத்த பொறுப்பை அவள் தலையில் ஏற்றிவிட்டு அதற்குப் பக்தி என்று பெயர் வைக்காதீர்கள். நான் வைத்தேன். என் பிள்ளையையே பறிகொடுக்கப் பார்த்தேன். நம்புங்கள், நம்பி எழுந்து நடங்கள். நடக்கிறவன் காலை அவள் பிடித்துக்கொள்வாள். இது நான் கண்டது. உங்களை நடத்துகிற யாராவது ஒருவர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தால், அவருக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். அவருக்கு அது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இப்போது மறுபடியும் லீவில் வந்திருக்கிறேன். நேற்றுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். இதையெல்லாம் கோவிந்தண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். அவர் சொன்ன கதை அவருக்கு நொம்பப் பிடித்திருந்தது. ஆனாலும் வழக்கம்போலச் செம்பருத்தியை நனைத்துக் கையில் எடுத்தார்.

"பூ வெக்கட்டுமா தம்பி?"

"வையுங்கண்ணா. கேக்கறதுக்கு இல்லைங்க. அவளுக்கு வெக்கோணும்னுதான்."

வைத்தார். விளக்கு காட்டினார். அதற்குள் பேத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பூ விழுந்ததா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.